புழுவுக்கு ஒரு பெயர், பூச்சிக்கு ஒரு பெயர்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. கோடை முற்றிய நேரம். தூரத்திலிருந்து பார்க்கும்போது மரங்களின் அடிமட்டைகள் தீயில் வாட்டியதுபோலக் காய்ந்து தொங்கின. நடுக்குருத்தும் அதைச் சுற்றி நாலைந்து மட்டைகளும் மட்டும் பச்சை. தோப்புக்காரர் ஒரு மட்டையை இழுத்து அறுத்துப் போட்டு, ஓலை ஒன்றைக் கிள்ளிப் புரட்டிக் காட்டினார். அடிப்பக்கத்தில், ஈர்க்கை ஒட்டினாற்போல, பழுப்பாக ஒரு சுரங்கம் ஓடியது. புழு தான் விட்ட நூலையும் தான் போட்ட எச்சத்தையும் குழைத்துக் கட்டிக்கொண்ட கூரை அது. நகத்தால் கீறியதும் உள்ளே இருந்தது பின்பக்கமாகவே நழுவி ஓடப் பார்த்தது. வெளிர்பச்சை உடம்பு, நீளவாக்கில் செம்பழுப்புக் கோடுகள், கருகருவென்று தலை.

“கருந்தலைப்புழுங்க” என்றார்.

“இது பறக்கிற பூச்சியானப்புறம் பார்த்திருக்கீங்களா?”

“அது எதுக்குங்க நமக்கு? திங்கறது இதுதானுங்களே.”

அந்தப் பதிலில் குறை சொல்ல எதுவும் இல்லை. இந்தப் பூச்சி புழுவாக ஏறக்குறைய நாற்பது நாள் ஓலையைச் சுரண்டித் தின்கிறது. சிறகு முளைத்தபின் சில நாள் மட்டுமே இருக்கிறது. அந்தச் சில நாளும் இருட்டில்தான். சாம்பல் கலந்த வெள்ளையாக, விரல் நக அகலத்துக்கு மேல் இல்லாத ஒரு பூச்சி இரவில் மட்டையில் உட்கார்ந்திருப்பதை யார் தேடிப்போய்ப் பார்ப்பார்கள்?

அந்துப்பூச்சிகளைப் பற்றித் தமிழ் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் புழு வழியாக அறிந்ததுதான். வெட்டுப்புழு, படைப்புழு, காய்ப்புழு, இலைச்சுருட்டுப்புழு, கம்பளிப்பூச்சி என எந்தப் பெயரை எடுத்தாலும் அது தின்னும் பருவத்தின் பெயர். அதன் தோற்றமோ அது செய்யும் சேதமோ பெயரிலேயே இருக்கும். பறக்கும் பருவத்துக்கு நம்மிடம் உள்ள சொற்கள் இரண்டு மூன்றைத் தாண்டாது. விளக்கில் வந்து விழுவது விட்டில். நெல் குதிரிலும் அரிசி டின்னிலும் பறப்பது அந்து. அந்துக்குப் பயந்து பட்டுப்புடவை மடிப்பில் போடுவது அந்துருண்டை. (குதிரில் பறப்பதும் துணியைத் தின்பதும் வேறு வேறு குடும்பத்துப் பூச்சிகள். உருண்டையைக் கண்டுபிடித்தவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.) பாடநூல் எழுத வந்தவர்கள் அந்தக் குதிர்ப் பூச்சியின் பெயரையே இழுத்து நீட்டி, உலகில் இதுவரை பெயரிடப்பட்ட ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சொச்சம் இனங்களுக்கும் பொதுப்பெயர் ஆக்கிவிட்டார்கள். ஒரு குடியானவரின் பெயரை ஒரு கண்டத்துக்கே வைத்தது மாதிரி.

அருங்காட்சியகங்களில் வேலை நேர்மாறாக நடந்தது. அங்கே பெயர் பெறுவது சிறகு விரித்து, ஊசி குத்தி, காய்ந்துபோன பூச்சி. புழு என்ன தின்றது, எங்கே கூடு கட்டியது என்பதெல்லாம் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் பெயர் வைத்துவிடலாம். ஒரே உயிரின் இரண்டு பாதிகளை இரண்டு கூட்டத்தார் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். அந்துப்பூச்சி வகைப்பாட்டில் நடந்த குழப்பங்களில் நல்ல பங்கு இந்த இரண்டு பாதிகளையும் ஒட்டவைக்கப் பட்ட பாடுதான் என்பது என் எண்ணம்.

1758இல் லின்னேயஸ் செதிற்சிறகுப் பூச்சிகள் அத்தனையையும் மூன்றே பேரினங்களில் அடக்கினார். பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் பாப்பிலியோ. தடித்த உடம்பும் கூர்சிறகும் கொண்டு வேகமாகப் பறப்பவை ஸ்ஃபிங்ஸ். மிச்சம் எல்லாம் ஃபலீனா. இந்த மூன்றாவது அறைதான் வீட்டுப் பரண். எதுவும் எங்கும் சேராவிட்டால் அங்கே போடு. பரணையும் அவர் ஏழு தட்டாகப் பிரித்தார். தட்டுகளுக்கு இட்ட பெயர்களில் புழு எட்டிப் பார்ப்பதுதான் வேடிக்கை. ஜியோமெட்ரா என்றால் நிலம் அளப்பது. சாண் சாணாக உடம்பை வளைத்து நடக்கும் புழுவைப் பார்த்து வந்த பெயர். அப்படி நடக்கும் புழுவைப் பார்த்த தமிழன் காவடிப்புழு என்றான். ஒருவருக்குச் சர்வேயர், இன்னொருவருக்கு முருக பக்தர். டார்ட்ரிக்ஸ் என்றால் முறுக்குவது. இலையைச் சுருட்டும் புழு. ஸ்ஃபிங்ஸும் அப்படித்தான்: தலையைத் தூக்கி அசையாமல் நிற்கும் புழுவின் கோலம் எகிப்தியச் சிலையை நினைவூட்டியதால் வந்தது. பெயரைப் புழுவிடம் வாங்கிக்கொண்டு, பிரிப்பதை மட்டும் பறக்கும் பூச்சியின் சிறகையும் உணர்கொம்பையும் வைத்துச் செய்தார்.

தட்டுக்குத் தட்டு இனப்பெயரின் வாலையும் மாற்றினார். டார்ட்ரிக்ஸ் தட்டில் உள்ளவற்றுக்கு ‘ஆனா’ என்று முடியும் பெயர். பைராலிஸ் தட்டுக்கு ‘ஆலிஸ்’. பொடிப் பூச்சிகளான டினியாவுக்கு ‘எல்லா’. ஜியோமெட்ராவில் உணர்கொம்பு சீப்புப் பல்போல இருந்தால் ‘ஆரியா’, நூல்போல இருந்தால் ‘ஆட்டா’. பெயரைக் கேட்டாலே எந்தத் தட்டு என்று தெரிந்துவிடும். பின்னால் வந்த பலர் அந்த வாலை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். நம் ஊர் உரக்கடைச் சுவரில் தொங்கும் பூச்சிப் படத்தைப் பார்த்தால் தெரியும்: கத்தரிக்காயைத் துளைப்பது லூசினோடஸ் ஆர்போனாலிஸ், நெல் இலையைச் சுருட்டுவது நாஃபலோகுரோசிஸ் மெடினாலிஸ், நெல்மணிக்குள் இருக்கும் அந்து சைட்டோட்ரோகா செரியலெல்லா. பதினெட்டாம் நூற்றாண்டு சுவீடனின் பரண் தட்டுகள் இன்னும் நம் கடைத்தெருவில் இருக்கின்றன.

லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். அவர் பிடித்து அனுப்பிய சோழமண்டலக் கரைப் பூச்சிகள் ஐரோப்பா போய், லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபப்ரீசியஸின் நூல்களில் ஏறின. அதன்பின் நூறாண்டுக் காலம் கப்பல் கப்பலாகப் பூச்சிகள் போயின. போய்ச் சேர்ந்த இடத்தில் பெயர் வைக்க உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் ஃபிரான்சிஸ் வாக்கர்.

வாக்கரைத் திட்டாத பூச்சியியலாளர் குறைவு. 1854 முதல் 1866 வரை பிரிட்டிஷ் மியூசியத்தின் செதிற்சிறகுப் பூச்சிகளுக்கு 35 பாகங்களில் பட்டியல் போட்டார். பெட்டியைத் திறப்பது, பூச்சியைப் பார்ப்பது, லத்தீனில் நாலு வரி எழுதுவது, பெயர் வைப்பது, அடுத்தது. நேற்று பெயர் வைத்த பூச்சியே இன்று வேறொரு பெட்டியில் கிடந்தால் அதற்கும் புதுப் பெயர். 1874இல் அவர் இறந்தபோது வந்த இரங்கல் குறிப்பு ஒன்று, இருபது ஆண்டுகளுக்கு முன்பே போயிருந்தால் பெயராவது மிஞ்சியிருக்கும் என்ற பொருளில் தொடங்கியது. செத்தவரைப் பற்றி அப்படி எழுதும் துணிச்சல் நம் ஊரில் கிடையாது.

நெல்லின் குருத்துப்பூச்சியை எடுத்துக்கொள்வோம். பெண் மஞ்சளாக இருக்கும். முன்சிறகு ஒவ்வொன்றிலும் பொட்டு வைத்ததுபோல ஒரு கரும்புள்ளி. ஆண் அதைவிடச் சிறிது, மங்கிய பழுப்பு, புள்ளி அவ்வளவு எடுப்பாக இராது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கணவன் மனைவி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாக்கர் 1863 என்ற ஒரே ஆண்டில் இந்த ஓர் இனத்துக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறார், மூன்று வெவ்வேறு பேரினங்களில். இன்கர்டுலாஸ், பைபங்டிஃபெரா, அட்மோடெல்லா. இரண்டாவதன் பொருள் ‘இரு புள்ளி சுமப்பது’. அதே ஆண்டில் ஜெர்மனியின் செல்லர் தன் பங்குக்கு இரண்டு பெயர் வைத்தார். அடுத்த ஆண்டு வாக்கருக்குப் பொறுக்காமல் இன்னொன்று. பின்னால் வந்தவர்கள் சுமையை இறக்கிவைக்கப் படாத பாடு பட்டார்கள். வேளாண் நூல்களில் அது ஷோனோபியஸாக இருந்து, டிரைபோரைசாவாகி, இப்போது சிர்போஃபாகா இன்கர்டுலாஸ் என்று நிற்கிறது. வயலில் அது எப்போதும் செய்ததைத்தான் செய்தது: இளம்பயிரில் நடுக்குருத்தைக் காய வைத்தது, முற்றிய பயிரில் வெண்கதிர் தள்ள வைத்தது.

சரி, தென்னந்தோப்புக்குத் திரும்புவோம். 1905இல் எட்வர்டு மேரிக் என்ற ஆங்கிலேயர் தென்னையின் கருந்தலைப்புழுவிலிருந்து வரும் பூச்சிக்கு நெஃபான்டிஸ் செரினோப்பா என்று பெயரிட்டார். மேரிக்கின் கதையே தனி. மார்ல்பரோ என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். பாடம் நடத்திய நேரம் போக உலகம் முழுவதிலுமிருந்து தபாலில் வரும் பொடிப் பூச்சிகளுக்குப் பெயர் வைத்தார். வாழ்நாளில் பதினாலாயிரத்துக்கும் மேல். பொடி அந்துக்களுக்கென்றே ஒரு தொடர் வெளியீட்டைச் சொந்தச் செலவில் 1912இல் தொடங்கி கடைசிவரை நடத்தினார். கையில் ஒரு கைலென்ஸ் இருந்தால் அவருக்குப் போதும். பூச்சியை அறுத்துப் பார்க்கும் புதிய முறைகளை அவர் ஏற்கவில்லை. அரை சென்டிமீட்டர் சிறகில் உள்ள நரம்புக் கிளைகளைக் கண்ணாலேயே எண்ணி எழுதியிருக்கிறார் என்பதை நினைத்தால் கோபமும் வரும், மரியாதையும் வரும்.

மேரிக் வைத்த பெயர் நிலைத்தது. தமிழ்நாடு, கேரளம், இலங்கை எங்கும் தென்னை பற்றி எழுதியவர்கள் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் நெஃபான்டிஸ் என்றே எழுதினார்கள். மாணவர்கள் அதையே மனப்பாடம் செய்து தேர்வு எழுதி, அதிகாரிகளாகி, ஓய்வும் பெற்றார்கள். 1980களில் புத்தகங்களில் பெயர் மாறத் தொடங்கியது. பழைய பெட்டிகளைக் கிளறியதில், இந்தப் பூச்சிக்கு 1864இலேயே வேறொருவர் பெயர் வைத்துவிட்டார் என்று தெரியவந்தது. அந்த வேறொருவர் நம் வாக்கரேதான்! ஒபிசினா அரினோசெல்லா. மணலைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு லின்னேயஸின் ‘எல்லா’ வால். காய்ந்த மணலின் வெளிறல் அந்தச் சிறகில் இருக்கத்தான் செய்கிறது.

உயிரினப் பெயரிடலில் முந்தியவருக்கே பட்டா. யார் கவனமாகப் பார்த்தார், யார் நல்லபடியாக எழுதினார் என்பதற்கு அங்கே மதிப்பில்லை. ஆண்டு ஒன்றுதான் கணக்கு. ஊரே அறிந்த நெஃபான்டிஸ் செரினோப்பா ஒத்தபெயர்ப் பட்டியலின் அடியில் போய்ப் படுத்தது. ஒருவரும் எட்டிப் பார்க்காத நாலு வரிப் பெயர் மேலே வந்தது. இந்த விதியை எனக்கு முழுமனதாகப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேறு எந்த விதி வைத்தாலும் சண்டை இதைவிட நீளும்.

மேரிக் செய்ய மறுத்ததை ஒருமுறை கிட்டத்தில் பார்க்கலாம். கலைந்த, நிறம் போன ஒரு பழைய பூச்சி. சிறகை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதன் வயிற்றை மட்டும் இடுக்கியால் மெல்ல ஒடித்தெடுக்க வேண்டும். மூச்சு வேகமாக விட்டாலே பறந்துவிடும். பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு இளஞ்சூட்டில் வைத்தால் தசையும் கொழுப்பும் கரைந்து வெறும் கைட்டின் கூடு மிஞ்சும். நான் முதல் தடவை செய்தபோது சூட்டைக் கூட்டிவிட்டேன். கரைசல் சட்டென்று பொங்கி, வயிறு குழாயிலிருந்து துள்ளி மேசைமேல் விழுந்து, எங்கே போனதென்று பாதி நாள் தேடினோம். கூடு கிடைத்துவிட்டால், நுண்ணோக்கியின் கீழே மெல்லிய தூரிகையால் செதில்களைத் தள்ள வேண்டும். ஆணாக இருந்தால் நுனியில் இரண்டு மடல்கள் கைகூப்பியதுபோல இருக்கும். பிரித்து விரித்தால் உள்ளே கொக்கி, பல், முள், மயிர்க்கற்றை என்று ஒரு கொல்லன் பட்டறை. பெண்ணின் உள்ளே விந்துப்பை. பல இனங்களில் அதன் சுவரில் முள் பதித்த ஒரு தகடு. வெளியே பார்க்க அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருக்கும் இரண்டு பூச்சிகளின் இந்தப் பட்டறைகள் முற்றிலும் வேறாக இருக்கலாம். பூட்டும் சாவியும் பொருந்துவதுபோல இனத்துக்கு இனம் தனி வடிவம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொன்னார்கள். பூட்டு உவமை எல்லா இடத்திலும் செல்லாது என்று இன்று தெரியும். ஆனாலும் இனம் பிரிக்க இதைப்போலக் கைகொடுக்கும் உறுப்பு வேறு இல்லை.

ஒபிசினாவின் பெயர்த் தகராறு தீர்ந்தாலும் வீட்டுத் தகராறு தீரவில்லை. பழைய இந்திய நூல்களில் அது கிரிப்டோஃபேசிடே குடும்பம். பிறகு சைலோரிக்டிடே என்றார்கள். ஈக்கோஃபோரிடே என்றும் எழுதினார்கள். ஜெலிக்கியாய்டியா என்ற பெருங்குடும்பத்துக்குள் இருக்கிறது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தப் பெருங்குடும்பத்தில் 18,000 இனங்களுக்கு மேல் பெயரிடப்பட்டிருக்கின்றன. உறிஞ்சுகுழலின் அடிப்பகுதி செதில் மூடி இருக்கும். முகத்துக்கு முன்னால் இரண்டு உணர்நீட்சிகள் யானைத் தந்தம்போல மேல்நோக்கி வளைந்து நிற்கும். உங்கள் அரிசி டின்னில் பறக்கும் நெல் அந்தும் இந்தக் கூட்டம்தான். அடுத்த முறை நசுக்குவதற்கு முன் முகத்தைப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய இடப்பெயர்ச்சி கம்பளிப்பூச்சிகளுக்கு நேர்ந்தது. நிலக்கடலைக்காரர்களுக்குச் சிவப்புக் கம்பளிப்புழு தெரியும். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் காத்திருந்து, மழை விழுந்ததும் பூச்சிகள் ஒரே நேரத்தில் கிளம்பும். வரப்பில் தீ மூட்டி அவற்றை இழுத்துக் கொல்வார்கள். அம்சாக்டா அல்பிஸ்ட்ரைகா என்ற அந்தப் பூச்சி ஆர்க்டிடே குடும்பம் என்று எல்லாரும் படித்தோம். புலிவரி போட்ட அழகான பூச்சிகள் நிறைந்த, மதிப்பான குடும்பம். பின்சிறகின் ஒரு நரம்பு மூன்றாகப் பிரிகிறதா நான்காகப் பிரிகிறதா என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் ஹாம்ப்சன் காலத்திலேயே இருந்தது. பின்னால் டி.என்.ஏ. வந்து அந்த நாற்கிளைக் கூட்டத்தை அலசியபோது, ஆர்க்டிடே தனி வீடு இல்லை, வேறொரு பெரிய வீட்டின் ஒரு அறை என்று தெரிந்தது. 2006ஐ ஒட்டித் தொடங்கி 2012க்குள், ஆர்க்டிடே, லைமான்ட்ரிடே என்ற இரண்டு குடும்பங்களும் எரிபிடே என்ற குடும்பத்துக்குள் துணைக்குடும்பங்களாக அடங்கின. இப்போது எரிபிடேயில் 24,000 இனங்களுக்கு மேல். பாடநூல்கள் இன்னும் பழைய பலகையையே மாட்டி வைத்திருக்கின்றன, யாரும் அவசரப்படவில்லை.

ஹாம்ப்சன் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டேன். ஜார்ஜ் ஹாம்ப்சன் நீலகிரிக்குத் தேயிலை போட வந்தவர். தேயிலையைவிட விளக்கில் விழுந்தவை அவரை அதிகம் இழுத்தன. ஊர் திரும்பி லண்டன் மியூசியத்தில் முதலில் சம்பளமில்லாமல் உட்கார்ந்தார். 1891இல் நீலகிரி அந்துகள், 1893இல் இலங்கை அந்துகள், 1892 முதல் 1896 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் அந்துகள் நான்கு தொகுதி. இன்றும் வால்பாறையிலோ கோத்தகிரியிலோ வெள்ளைத் துணி கட்டி விளக்குப் போடுபவர்கள் கடைசியில் போய் நிற்பது அந்த நான்கு தொகுதிகளில்தான். அவர் 1893இல் இலங்கையிலிருந்து பெயரிட்ட மிமியூசீமியா சிலோனிகா 2013இல் களக்காடு முண்டந்துறைக் காட்டில் கண்ணில் பட்டது; அடையாளம் உறுதியாகி அச்சேறியது 2020இல். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் வரைந்த படம் ஒன்று அதற்கு உதவியது.

புழுவைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் உள்ள சிறந்த சாட்சி தென் அமெரிக்காவிலிருந்து வருகிறது. மேக்ரோசோமா என்றொரு பேரினம். மெக்சிகோவிலிருந்து தெற்கே வெப்பமண்டலக் காடுகளில் முப்பத்தைந்து இனங்கள் போல உண்டு. பழுப்பு, சாம்பல் நிறம். இரவில் பறக்கும், விளக்குக்கு வரும். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் இருக்க வேண்டிய குமிழ் கிடையாது. பார்த்த எவரும் தயங்காமல் அந்து என்பார்கள். அளக்கும் புழுக்களின் குடும்பமான ஜியோமெட்ரிடேயில்தான் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 1986இல் மால்கம் ஸ்கோபிள் அதன் எல்லாப் பருவங்களையும் சேர்த்துப் பார்த்தார். முட்டை வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளின் முட்டைபோல நிமிர்ந்து நின்றது. புழுவின் தலையில் கொம்பு, வால் இரண்டாகப் பிளந்திருந்தது, வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் சிலவற்றில் இருப்பதுபோல. கூட்டுப்புழு கூடு எதுவும் கட்டாமல், இடுப்பில் ஒரு பட்டுக் கயிறு சுற்றி, மரமேறி இடுப்பில் கயிறு கட்டியதுபோல இலையில் சாய்ந்து தொங்கியது. பறக்கும் பூச்சி அந்து. மற்ற மூன்று பருவமும் வண்ணத்துப்பூச்சி! இவை வண்ணத்துப்பூச்சிகளோடு சேர வேண்டியவை என்று அவர் எழுதினார். அப்போது எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த நூற்றாண்டின் டி.என்.ஏ. ஆய்வுகள் அவரையும் தாண்டிப் போய், மேக்ரோசோமாவை வண்ணத்துப்பூச்சிப் பெருங்குடும்பத்துக்கு உள்ளேயே உட்காரவைத்தன.

அவை இரவுக்குப் போனதற்குக் கூலியாக ஒரு காதும் பெற்றிருக்கின்றன. முன்சிறகின் அடியில், வௌவாலின் கீச்சொலியைக் கேட்கும் காது. 2000இல் அதை நிரூபித்தார்கள். அந்துகளில் காது ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பது கேட்டவுடன் சிரிப்பை வரவழைக்கும் செய்தி. எரிபிடே வகையறாவுக்கு நெஞ்சில். ஜியோமெட்ரிடேக்கும் பைராலிட்களுக்கும் வயிற்றின் அடியில், அதுவும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அமைப்பு. வௌவாலுக்குப் பயந்து ஒவ்வொரு குலமும் தனித்தனியாகக் காது செய்துகொண்டது. அதனாலேயே காது இருக்கும் இடம் குலம் அறிய ஒரு நல்ல அடையாளமானது. கத்தரிக்காய்ப் புழுவின் குடும்பமான கிராம்பிடேயைப் பைராலிடேயிலிருந்து பிரிக்கும் முக்கியமான கோடு காதுக் கிண்ணம் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதுதான்.

அந்துகளின் குல மரத்தின் அடிவேர்ப் பக்கம் போனால் கதை இன்னும் விசித்திரம். உறிஞ்சுகுழல் இல்லாமல், கடிக்கும் தாடையோடு மகரந்தம் மென்று தின்னும் அந்துகள் உண்டு: மைக்ரோப்டெரிஜிடே. இவை அந்தே இல்லை, தனி வரிசை என்று சாப்மன் 1917இல் சொல்லிப் பார்த்தார், நிலைக்கவில்லை. ஆஸ்திரேலியாவிலும் தென்மேற்குப் பசிபிக் தீவுகளிலும் உள்ள அகாதிஃபாகா இன்னொரு மூத்த கிளை. மொத்தமே இரண்டு இனங்கள். கௌரி மரத்தின் விதைக்குள் புழுவாக வாழும். சேமித்துவைத்த விதைக்குள் பன்னிரண்டு ஆண்டுகள்வரை உறங்கிக் கிடந்த புழு உண்டு. 1952இல் டம்பிள்டன் அதற்குப் பெயர் வைத்தார். விதைகளைப் பிளந்து பார்க்கும் ஆட்கள் இருந்ததால் கிடைத்த பேரினம் அது. விளக்கை நம்பியிருந்தால் எவ்வளவு காலம் ஆகியிருக்குமோ. 2015இல் ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவிலிருந்து ஒரு முழுக் குடும்பமே புதிதாக வந்து சேர்ந்தது. பொன்னும் ஊதாவுமாக மினுங்கும், சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஈனிக்மேட்டினியா. ஊசியிலை மரம் ஒன்றில் வளர்ந்து, சிறகு வந்த ஒரே நாளில் இனப்பெருக்கம் முடித்துச் செத்துவிடும்.

புழுவையும் பூச்சியையும் ஒட்டவைக்க இப்போது குறுக்குவழி இருக்கிறது. கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் 2003இல் முன்வைத்தது: மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவிலிருந்து 658 எழுத்து கொண்ட ஒரு துண்டை வாசித்து, கடையில் பொருளுக்குப் பட்டைக்கோடு வாசிப்பதுபோல இனத்தைச் சொல்லிவிடலாம் என்று. அவர் சோதித்ததும் செதிற்சிறகுப் பூச்சிகளில்தான். இருநூறு இனங்கள், இருநூறும் சரி. புழுவின் ஒரு துணுக்கும் பூச்சியின் ஒரு காலும் ஒரே எழுத்து வரிசை காட்டினால் கணக்கு முடிந்தது. ஆனால் பட்டைக்கோடு படிக்க வேண்டுமென்றால் பெட்டியில் பெயரெழுதிய பூச்சி ஒன்று ஏற்கெனவே இருந்தாக வேண்டும். வாக்கரும் மேரிக்கும் போட்ட குப்பையைக் கூட்டாமல் அங்கே போக வழியில்லை.

எனக்கு அவ்வளவு வசதி இல்லாததால் பழைய வழியைத்தான் பிடித்தேன். தோப்புக்காரர் கொடுத்த ஓலைத் துண்டுகளை, நாலு புழுவோடு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வாயில் வேட்டித் துணி கட்டிக் கொண்டுவந்தேன். சமையலறை ஜன்னலில் வைத்தேன். ஒன்று முதல் வாரமே காய்ந்துவிட்டது. இரண்டு, சுரங்கத்துக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, ஒரு நாள் காலையில் பாட்டில் சுவரில் சாம்பல்நிறப் பூச்சிகளாக உட்கார்ந்திருந்தன. லென்ஸில் பார்த்தேன், ஒன்றின் முன்சிறகில் மூன்று மங்கலான புள்ளி, நீண்ட உணர்கொம்பு: பெண்.

நாலாவது புழு அசையவில்லை. ஆனால் காயவும் இல்லை. அதன் முதுகில் சோற்றுப் பருக்கையின் பொடிபோல வெள்ளையாக ஏழெட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் எறும்புபோல் ஒரு கறுப்புப் பூச்சி, துணியைத் தொட்டாலும் நகராமல், காவல் நின்றது. ஓலையோடு அதுவும் உள்ளே வந்திருக்கிறது. கொட்டி மயக்கிய புழுவின்மேல் முட்டையிட்டுவிட்டுக் குஞ்சுகளைக் காக்கும் ஒட்டுண்ணிக் குளவி அது. தென்னந்தோப்புகளில் கருந்தலைப்புழுவைக் கட்டுப்படுத்த ஆய்வகங்களில் வளர்த்து விடுகிறார்களே, அதேதான். சில நாளில் வெள்ளைப் பொடிகள் பெருத்து, புழு வற்றிச் சக்கையாகி, அதன் பக்கத்தில் சிறுசிறு பட்டுக்கூடுகள் வரிசை கட்டின. அதன் பெயரைப் புத்தகத்தில் தேடிப் பிடித்தேன். கோனியோசஸ் நெஃபான்டிடிஸ். நெஃபான்டிஸ் என்ற பேரினத்துக்கு எதிரி என்று 1930களில் வைத்த பெயர். அந்தப் பேரினம் பட்டியலின் அடியில் போய்ப் படுத்துப் பல காலம் ஆகிறது. குளவியின் பேரினப் பெயர்கூட நடுவில் ஒருமுறை மாறிவிட்டது. இனப்பெயரை மாற்ற விதியில் இடமில்லை.

அடுத்த முறை பொள்ளாச்சி போனபோது பாட்டிலில் நடந்ததைத் தோப்புக்காரரிடம் சொன்னேன். குளவியைப் பற்றி மட்டும் இரண்டு தடவை கேட்டார்.